நாடா திருப்பிய நான்கு நிமிடங்கள்

ஜமுனாமரத்தூர்
13 பிப்ரவரி 2024

திருப்பத்தூர் ஒலிநாடா அன்பர் குழுவின் அவையோரே!

செயலாளர் கோகிலவாணி அம்மையார் இம்மடலை அடுத்த ஞாயிறன்று உங்கள் அனைவர் முன்னும் உரக்கப் படித்தல் வேண்டும். நேற்று முன்தினம் உங்கள் நடுவே இழிவுபடுத்தப்பட்ட கலையரசன் பேசுகிறேன். நாற்பது ஆண்டு அரசியல் மேடையேறியவன்; எதிர்க்கூச்சலுக்கு அஞ்சாதவன். உங்கள் சிரிப்பின் முன் மட்டும் எழுந்து மலையேறி வந்துவிட்டேன்.

அவையோரே! தொண்ணூற்றொன்றாம் ஆண்டு, இதே சவ்வாது மலையில், ஆலங்கொல்லைக் கோயில் திருவிழாவில், ஒரு மாலைப்பொழுதில், கலசப்பாக்கம் அம்சவல்லி அம்மையார் காம்போதி பாடினார். அவர் குரலை எந்த நிறுவனமும் பதியவில்லை. எந்த வானொலியும் அழைக்கவில்லை. அன்று மேடையடியில் இருந்த ஒலிப்பதிவுக் கருவிகள் இரண்டே. ஒன்று என்னுடையது. மற்றொன்று உங்கள் செயலாளருடையது. அன்றுவரை ஒருவரை ஒருவர் அறியாதவர்கள் நாங்கள்.

என் நாடா ஒரு பக்கத்துக்கு முப்பது நிமிடம் ஓடும். அம்மையார் இராகத்தை விரிக்கும் ஆளத்தியில் படிப்படியாக ஏறி, உச்சியை நோக்கிக் குரலை எடுத்த அந்நொடியில் பக்கம் முடிந்தது. திருப்பினேன். நாடா வெளியே வழிந்து சிக்கிக்கொண்டது. பென்சிலை நுழைத்துச் சுற்றிச் சரிசெய்து நிமிர்ந்தேன்; அவர் உச்சியைத் தொட்டு இறங்கிக்கொண்டிருந்தார். நான்கு நிமிடங்கள்! ஐந்தடி தொலைவில் அமர்ந்திருந்தும் அவற்றைக் கேளாதவன் நான். அன்று முதல் அந்த நான்கு நிமிடங்களுக்காகவே காத்திருக்கிறேன்.

அந்த நிமிடங்கள் செயலாளரின் நாடாவில் உண்டு. ஆனால் அந்நாடா பூஞ்சை பிடித்து முப்பது ஆண்டு ஊமையாய்க் கிடந்தது. ஓராண்டு பாடுபட்டு அதைப் பேச வைத்தார். அவ்வுழைப்பை இன்றும் வணங்குகிறேன். இரு நாடாக்களையும் ஒப்பிட்டுக் கேட்போம், பிறகு இணைப்போம் என்று அழைத்தார். ஏழு மலை வளைவு இறங்கி வந்தேன். நடந்தது யாது? என் நாடாவில் அம்மையார் ஐந்து கட்டைச் சுருதியில் பாடுகிறார். அவர் நாடாவில் ஐந்தரை. இரண்டும் சிறிது நேரமே ஓடின; உச்சிக்கு வருமுன்பே நிறுத்தித் தீர்ப்பு வந்தது. என் கருவியின் ரப்பர் பட்டை தளர்ந்து மெதுவாக ஓடுகிறதாம். முப்பத்து மூன்று ஆண்டுகளாக நான் கேட்டது அவர் குரலே அன்றாம்.

அப்போது அர்ச்சுனன் எழுந்தார். "பெல்ட்டு லூசா, இல்ல அண்ணன் காது லூசா? இன்னா வாணிக்கா, அதையும் அளந்து பாத்துடேன்!" என்றார். அவை சிரித்தது. செயலாளரும் சிரித்தார்.

குழுவின் குறிப்பேட்டில் என் நாடாவைப் பற்றி எழுதிய வரியை அடித்துவிடுங்கள். அடிக்கும்வரை நான் உங்கள் உறுப்பினன் அல்லன்.

மா. கலையரசன்

*

திருப்பத்தூர்
20 பிப்ரவரி 2024

அன்புள்ள அண்ணா,

உங்கள் கடிதத்தைப் படித்தேன். ஞாயிற்றுக்கிழமை உரக்கப் படிக்கவில்லை. கூட்டத்தில் ஏழு பேர் இருந்தோம், அதில் இரண்டு பேர் தூக்கத்தில். அவையோரே என்று கூப்பிட்டிருந்தால் விழித்துக்கொண்டு பயந்திருப்பார்கள்.

கோபம் என்றால் என்னை நேரில் திட்டுங்கள். பதினொரு முறை போன் செய்தேன். மணி அடிக்கிறது, நீங்கள் எடுப்பதில்லை. இருபத்தைந்து வருடமாக எந்தப் புதுப் பதிவு கையில் வந்தாலும் முதல் போன் உங்களுக்குத்தான். இப்போது கடிதம் எழுத வைத்துவிட்டீர்கள். இந்த ஊரில் தபால் பெட்டி எங்கே இருக்கிறது என்று விசாரிக்க வேண்டியதாகிவிட்டது.

நான் சொன்னதை மறுபடியும் நிதானமாகச் சொல்கிறேன். நம் நாட்டு மின்சாரம் நொடிக்கு ஐம்பது முறை அதிர்கிறது. அந்த முனகல் ஒலிபெருக்கி வழியாக எல்லாக் கச்சேரிப் பதிவுகளிலும் அடியில் ஒட்டிக்கொண்டிருக்கும். அதை அளந்தால் காசெட் சரியான வேகத்தில் ஓடுகிறதா என்று தெரிந்துவிடும். என்னுடையது பூஞ்சை பிடித்த காசெட். அதைச் சாதாரண பிளேயரில் ஓட்ட முடியாது. வேகத்தை மாற்றக்கூடிய கருவியில் போட்டு, முனகல் ஐம்பதில் வந்து நிற்கும்வரை திருகினேன். நின்றபோது அம்சவல்லி அம்மா ஐந்தரைக் கட்டையில் இருந்தார். உங்கள் காசெட்டில் அதே முனகல் நாற்பத்தேழில் இருக்கிறது. அப்படியென்றால் உங்கள் பிளேயர் மெதுவாக ஓடுகிறது. மின்வாரியத்தில் முப்பத்தொரு வருடம் இருந்தவள் நான். ஆலங்கொல்லைக்கு லைன் இழுத்ததே எங்கள் பிரிவு. ஐம்பது என்றால் ஐம்பதுதான் அண்ணா.

அன்று நகலெடுத்து வைத்த உங்கள் பதிவின் வேகத்தைக் கூட்டி, நடுவில் என்னுடைய நான்கு நிமிடத்தை வைத்து இணைத்து முடித்துவிட்டேன். அழகாகப் பொருந்துகிறது. கேட்க வாருங்கள். சிரித்ததற்கு மன்னிப்பு. அர்ச்சுனன் எதைச் சொன்னாலும் முதலில் சிரிப்பு வந்துவிடுகிறது, என்ன செய்ய.

தங்கை,
கோகிலவாணி

*

ஜமுனாமரத்தூர்
3 மார்ச் 2024

அம்மையீர்,

இணைத்தது பொருந்துகிறது என்று எழுதியுள்ளீர். இரு பாதியையும் ஒரே அளவில் திரித்தால் பொருந்தாமல் என்ன செய்யும்? அரைக் கட்டை ஏற்றிய குரலில் அவர் இருபது வயதுப் பெண்ணாகக் கேட்கிறார். அன்று அவருக்கு ஐம்பத்தாறு. அடிக்குரலில் ஒரு கரகரப்பு இருக்கும். உச்சிக்குப் போகும் முன் அங்கே சற்று நின்று மூச்சைத் திரட்டுவார். அன்று நீர் போட்டுக்காட்டிய சிறு பகுதியிலேயே அந்தக் கரகரப்பு மெலிந்து நீரிழந்த ஓடை போல் கிடக்கிறது. அளவைக்கருவி ஆயிரம் சொல்லட்டும். வேறொருத்தியின் குரலில் முழுமை எனக்கு வேண்டா.

இங்கே நிறுத்தி, மூன்று நாள் கழித்து மீண்டும் எழுதுகிறேன்.

தொலைபேசியை எடுக்காமைக்குச் சினம் காரணம் அன்று. எடுத்தால் நீர் பேசுவது எனக்கு விளங்குவதில்லை. இடச்செவி சென்ற ஐப்பசியிலேயே அடங்கிவிட்டது. வலச்செவியும் அவ்வழியே செல்கிறது. வேலூரில் மருத்துவரிடம் மும்முறை காட்டினேன். மெல்லிய உயர்ந்த ஒலிகள் முதலில் போகுமாம், பிறகு மற்றவை. எத்தனை திங்கள் என்று கேட்டேன். அவர் தாளில் ஏதோ எழுதினார், என் முகத்தைப் பார்க்கவில்லை. செவிக்கருவி மாட்டினேன். அதில் மனிதர் பேசுவது பெரிதாகக் கேட்கிறது. ஆனால் இசை தகரத்தில் ஆணி கீறுவதுபோல் கேட்கிறது.

சில காலைகளில் வலச்செவி திறக்கிறது. ஒரு மணிநேரம், சில நாள் இரண்டு. சில நாள் திறப்பதே இல்லை. அந்த ஒரு மணிநேரத்தில் நாளும் அந்த நாடாவையே கேட்கிறேன். ஒவ்வொரு நாளும் உச்சிக்கு ஏறும் இடத்தில் அது 'க்ளக்' என்று நின்றுபோகிறது.

அர்ச்சுனன் அறிந்து கேலி பேசவில்லை. நான்தான் எவரிடமும் சொல்லவில்லையே. அவன் கல்லை எறிந்தது இருட்டில். அது விழுந்தது புண்ணில். நீர் சிரித்தபோது, உம் உதடு அசைவதைக் கண்டேன், ஓசை கேட்கவில்லை. அதுதான் என்னை எழுந்து போகச் செய்தது.

இரக்கம் வேண்டா. என் நாடா பொய்யன்று. அதை மெய்ப்பிக்க வழி தேடுகிறேன்.

கலையரசன்

*

திருப்பத்தூர்
9 மார்ச் 2024

அண்ணா,

உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். பிறகு வீட்டுக்குள் அங்குமிங்கும் நடந்துகொண்டிருந்தேன்.

உங்களுக்குக் கேட்கவில்லை என்று எனக்குத் தெரியவில்லையே என்று எழுத நினைத்தேன். அது பொய். தெரிந்திருக்க வேண்டும். மார்கழியில் நான் ஒரு பேகடா ராகப் பதிவு போட்டேன். முதல் சங்கதிக்கே எப்போதும் "ஆகா" என்பவர் நீங்கள். அன்று நான் உங்களைப் பார்த்த பிறகுதான் "ஆகா" என்றீர்கள். என் முகத்தைப் பார்த்துச் சொன்னீர்கள். வயதாகிறது என்று நினைத்துக்கொண்டேன். செயலாளர், இன்ஜினியர், எல்லாவற்றையும் அளப்பவள்; எதிரில் உட்கார்ந்திருந்த மனிதரை அளக்கவில்லை.

நீங்கள் வராத ஞாயிற்றுக்கிழமைகளில் புதுப் பதிவைப் போட்டதும் என் தலை தானாக உங்கள் நாற்காலிப் பக்கம் திரும்புகிறது. இப்போது அங்கே அர்ச்சுனன் உட்காருகிறான், மிக்சர் சாப்பிட்டுக்கொண்டு. "இன்னாக்கா என்னியே பாக்கற?" என்கிறான். நல்ல பாட்டைத் தனியாகக் கேட்டால் பாதிதான் கேட்கிறது. மீதியை யாருடைய முகத்திலிருந்தோ வாங்கிக்கொள்கிறோம் போலிருக்கிறது. உங்கள் அளவுக்கு எனக்குத் தமிழ் வராது, ஆனால் இது உண்மை.

அந்த நான்கு நிமிடத்தை நான் அங்கேயே கேட்டவள். எப்படி இருந்தது என்று பலமுறை கேட்டிருக்கிறீர்கள். நானும் ஒவ்வொரு முறையும் "நாடா சரியாகட்டும், கேளுங்கள்" என்று மழுப்பியிருக்கிறேன். சொல்லத் தெரியாததால்தான்.

ஆனாலும், கோபித்துக்கொள்ளாதீர்கள், என்னால் ஐம்பதை விட முடியவில்லை. உங்கள் மனம் குளிர வேண்டும் என்று எண்ணை மாற்றிச் சொன்னால் நாளைக்கு நான் கொடுக்கும் எந்தப் பதிவையும் நீங்கள் நம்பக் கூடாது. நம் குழுவுக்கு இருப்பது அந்த ஒரு நேர்மைதான். இருமலைக்கூட வெட்டாமல் கொடுப்பவர்கள் நாம்.

ஒன்று மட்டும் கேட்கிறேன். கச்சேரி தொடங்கிய பிறகுதான் நான் அங்கே வந்தேன். பந்தலுக்குப் பின்னால் என்ன இருந்தது என்று பார்க்கவில்லை. அன்றைக்கு மைக்குக்குக் கரண்ட் எங்கிருந்து வந்தது? மலையில் இருப்பவர் நீங்கள்தான். விசாரியுங்கள். எனக்கு எதிராக இருந்தாலும் எழுதுங்கள்.

வாணி

*

ஜமுனாமரத்தூர்
24 மார்ச் 2024

தங்கையே,

கேள்! நீ கேட்ட ஒரு கேள்வி நான் இருபது நாள் தேடாத திசையில் என்னைத் தள்ளியது. திருவிழாவுக்கு ஒலிபெருக்கி கட்டியவர் மறைந்துவிட்டார். ஆனால் அவருக்குத் துணையாக இருந்த சின்னராசு ஆலங்கொல்லையிலேயே சாமை விதைத்துக்கொண்டு வாழ்கிறார். அவர் கொல்லைக்கு நேற்றுக் காலை நடந்தே சென்றேன். செவி திறந்திருந்த நாள் அது. ஆயினும் அவர் என் வலப்பக்கம் அமர்ந்து உரக்கப் பேச வேண்டியிருந்தது.

"இன்னா புலவரே, எலக்சன் வந்தா நீ கத்துவ, நாங்க கேப்போம். இப்ப நான் கத்தணுமா?" என்றார். மின்னாக்கி பற்றிக் கேட்டேன். விழித்தார். நீ சொல்லும் சொல்லையே சொன்னேன்.

"ஜெனரேட்டரா? அத இன்னாத்துக்கு இப்ப கேக்கற? முப்பது வருசம் கழிச்சி டீசல் திருடிட்டேன்னு கேசு போடப்போறியா?"

"இல்லை ஐயா. அன்று அது ஓடியதா?"

"ஓடாம? காத்துல புளியமரம் சாஞ்சி லைனு அறுந்து மூணு நாளா கரண்டு இல்ல. சந்தவாசல்லேர்ந்து டிராக்டர்ல ஏத்திகினு வந்தோம். சத்தம் அந்தம்மாவுக்குத் தொந்தரவா இருக்கும்னு ஓடைக்கு அந்தாண்ட வெச்சி ஒயரு இழுத்தோம். அவங்க மேடையில குந்தறதுக்கு முன்னாடியே பாத்துட்டேன், டாங்குல பாதிதான் கீது. கீழ போயி வாங்கியார முடியுமா? மொதல்லேந்தே வேகத்தக் கொறச்சி வெச்சிட்டேன். பல்பெல்லாம் மஞ்சளா மங்கிப்போச்சு. ஊர்த் தலைவரு ஓடியாந்து, 'ஏன்டா, வெளக்கு அழுவுது?'ன்னாரு. 'அழுதா அழுவட்டும் சாமி, அணைஞ்சாத்தான் பாட்டு நிக்கும்'னேன்."

"பாட்டைக் கேட்டீரா?"

"எங்க கேக்கறது? மிசினு பக்கத்துல குந்திகினு அது சத்தத்த காதுல வாங்குனதுதான் மிச்சம். கடைசி வரைக்கும் அணைய வுடல, அதான் நான் கேட்ட கச்சேரி." சிரித்துவிட்டு, சாமைக்கூழ் ஊற்றிக் கொடுத்தார். "நீயாவது கேட்டியா புலவரே?" என்று கேட்டார். கூழைக் குடித்து முடித்து எழுந்தேன்.

எனவே தங்கையே! அன்று ஆலங்கொல்லையில் மின்வாரியத்தின் ஐம்பது இல்லை. டீசல் பற்றாத ஒரு மின்னாக்கியின் தளர்ந்த ஓட்டம்தான் இருந்தது. என் நாடா அதை உள்ளபடியே பதிந்தது. நாற்பத்தேழே மெய். ஐந்து கட்டையே மெய்!

வென்றுவிட்டேன் என்று மேசையைத் தட்டி எழுதத் தொடங்கினேன். இவ்வரிக்கு வரும்போது அந்த மகிழ்ச்சி எங்கோ போய்விட்டது. வென்றவனுக்கு அந்த நான்கு நிமிடங்கள் இன்னும் கிடைக்கவில்லையே. மேலும் உண்மையைச் சொன்னால், நான் ஏங்கியது தீர்ப்புக்கு அன்று. உன் வீட்டுக் கூடத்தில், ஞாயிறு பிற்பகலில், ஒரே பாட்டின் இரண்டு பதிவுகளை மாற்றி மாற்றிப் போட்டு, "இதில் மிருதங்கம் நெருக்கம், அதில் தம்புரா தெளிவு" என்று நாம் வழக்காடுவோமே, அந்த வழக்குக்குத்தான்.

அண்ணன்,
கலையரசன்

*

திருப்பத்தூர்
1 ஏப்ரல் 2024

அன்புள்ள அண்ணா,

தவறு என்னுடையது. வேறு வார்த்தையில் சொல்லப் பார்த்தேன், வரவில்லை. நாற்பத்தேழில் ஓடியதை ஐம்பதாக்கினால் சுருதி சரியாக அரைக் கட்டை ஏறும். ஏற்றியது நான். லைன் இழுத்த கர்வம்! நாங்கள் கொடுத்த கரண்ட் இல்லாமல் அந்த ஊரில் ஒரு விளக்கு எரிந்திருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

நேற்றுக் கூட்டத்தில் எழுந்து நின்று சொன்னேன். குறிப்பேட்டு வரியை எல்லோர் எதிரிலும் அடித்தேன். உங்கள் காது விஷயத்தை மட்டும் சொல்லவில்லை, அது உங்களுடையது. அர்ச்சுனன் மிக்சர் பொட்டலத்தை மடித்துக் கீழே வைத்தான். அப்புறம், "அண்ணன் வந்தா நானே எழுந்து நாற்காலிய குடுக்கறேன்க்கா, மிக்சரும் குடுக்கறேன்" என்றான். அவன் மன்னிப்புக் கேட்கும் முறை அது.

உங்கள் பதிவைத் தொடாமல் அப்படியே வைத்துக்கொண்டேன். என்னுடையதை நாற்பத்தேழுக்கு இறக்கி நடுவில் சேர்த்தேன். ஆரம்பத்திலிருந்து போட்டேன். நீங்கள் சொன்ன கரகரப்பு வந்தது, அந்த இடத்தில் மூச்சைத் திரட்டினார். நீங்கள் காசெட் திருப்பும் 'க்ளக்' வர வேண்டிய இடத்தில் அது வரவில்லை. அவர் பாட்டுக்கு ஏறிப் போய்க்கொண்டே இருந்தார். முப்பத்து மூன்று வருடத்துக்கு முன்னால் கேட்டேன் என்று சொல்லிக்கொண்டிருந்தேனே, நானும் இப்போதுதான் கேட்கிறேன் அண்ணா. அதற்கு மேல் எழுத மாட்டேன். உங்களுக்காக வைத்திருக்கிறேன்.

எல்லோரும் சேர்ந்து ஒன்று முடிவு செய்திருக்கிறோம். மே மாதம் இருபத்தாறாம் தேதி ஞாயிற்றுக்கிழமை ஒரு மண்டபம் எடுத்து, பெரிய ஸ்பீக்கர் வைத்து, முழு ஆலாபனையையும் முதன்முதலாகப் போடுவது. நீங்கள்தான் தலைமை. சின்னராசு ஐயாவையும் அழைத்துச் சால்வை போட வேண்டும். அம்சவல்லி அம்மாவின் மகள் ரம்யா கலசப்பாக்கத்திலிருந்து வருவதாகச் சொல்லியிருக்கிறாள். அதுவரை யாரும் கேட்கக் கூடாது என்று வைத்திருக்கிறோம். எட்டு வாரம்தான். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

வாணி

*

ஜமுனாமரத்தூர்
5 ஏப்ரல் 2024

வாணி,

மண்டபம் எடுங்கள், சால்வை போடுங்கள், தலைமைக்கு வேறு எவரையேனும் உட்கார வையுங்கள். சின்னராசுவை முன்வரிசையில் அமர்த்துங்கள், அவரும் ஒருமுறை அந்தப் பாட்டைக் கேட்கட்டும். ரம்யாவிடம் அவள் தாயின் குரலை அவள் கையிலேயே கொடுத்துவிடுங்கள். இவற்றில் எதையும் நான் மறுக்கவில்லை. ஆனால் மே இருபத்தாறு எனக்கு உரிய நாள் அன்று.

இந்த வாரத்தில் செவி ஒரே ஒரு நாள்தான் திறந்தது. அதுவும் அரைமணி நேரம். திங்களன்று நாடாவைப் போட்டபோது அம்மையார் பாடத் தொடங்கிவிட்டாரா என்று சுழலும் சக்கரத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். நேற்று அண்டை வீட்டு மங்கம்மாள் வாசலில் நின்று நெடுநேரம் கூப்பிட்டிருக்கிறாள். உள்ளே வந்து தோளைத் தொட்டு, "இன்னா அய்யா, கூப்ட்டா ஏன்னு கேக்க மாட்டியா? பயந்துட்டேன்ல" என்றாளாம். அவள் கையில் எழுதிக் காட்டியபோதுதான் அறிந்தேன். எட்டு வாரம் என்று நீ எளிதாக எழுதிவிட்டாய். எனக்கு வாரங்களை எண்ணத் துணிவில்லை, காலைகளை எண்ணுகிறேன்.

அஞ்சலில் அனுப்பாதே. பேருந்து நடத்துநரிடம் கொடுத்தனுப்பாதே. தனியே கேட்க எனக்கு விருப்பமில்லை. தனியே கேட்டால் பாதிதான் என்று நீயே எழுதினாய். கோடிக் கூட்டம் எனக்கு வேண்டா. அந்த மாலை மேடையடியில் இருந்த இரண்டு பேர் போதும்.

அஞ்சுகிறேன் வாணி, இதையும் சொல்லிவிடுகிறேன். நீ வருகிற காலையில் செவி திறக்காமலே போகலாம். அப்படியானாலும் போடு. ஒலிபெருக்கியின் மேல் என் உள்ளங்கையை வைத்துக்கொள்கிறேன். நீ எனக்கெதிரே அமர்ந்து கேள். அவர் ஏறுவதையும், உச்சியில் நிற்பதையும், இறங்குவதையும் உன் முகத்தில் நான் பார்த்துக்கொள்கிறேன். அதையும் மே வரை தள்ளிவைக்க என்னால் இயலாது.

நாற்பது ஆண்டுகளாக மக்களைப் பார்த்து எழுக, வருக, திரள்க என்று முழங்கியவன் நான். எத்தனை பேர் எழுந்தார்கள் என்பதை நானறியேன். இன்று ஒரே ஒருத்தியைப் பார்த்துச் சொல்கிறேன். இம்மடல் உன் கைக்கு வந்ததும் மறுமொழி எழுதிக்கொண்டு உட்காராதே. குழுவைக் கூட்டாதே, எவரிடமும் கருத்துக் கேளாதே. கருவியைப் பையில் எடுத்து வை. மறுநாள் மலையேறும் முதற்பேருந்தில் ஏறு. கதவு திறந்தே இருக்கும். தட்டாதே, எனக்குக் கேட்காது. நேரே உள்ளே வந்து நாடாவைப் போடு.

புறப்படு.

கலையரசன்